கழித்துப் போட்ட வட்டில்

ஞானிகள் மலை உச்சியில் வசிக்கிறார்கள் என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. இது பெரும் பிழை. இனியும் தாமதிக்காமல் திருத்தப்பட வேண்டியது.

மலை உச்சியில் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் ஞானம் இரண்டு நாள் தங்கும். மூன்றாம் நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

இருளாயி ஆரம்பத்திலேயே கீழே இருந்தாள்.

மலையடிவாரத்தில் ஒரு சுனை. பக்கத்தில் ஓலைப் பந்தல். அதன் கீழ் உட்கார்ந்து அவள் சால் தைப்பாள். மாடு கட்டி இறைக்கும் கிணறுகளில் தண்ணீர் மொள்ளும் தோல் பைதான் சால். தோல் தைக்கிறவளிடம் போய் ஞானம் கேட்பதா என்று ஊரில் சிலர் சிரித்ததுண்டு. சால் கிழிந்த அன்று சிரித்தவர்களும் அவளிடம்தான் போனார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அவளுடைய ஒரே சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு வெண்தாடி வேண்டும் என்பதும் பிழையான நம்பிக்கைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது.

சீடரின் பெயர் சேவுகமூர்த்தி. ஒன்பது வருஷமாக அமாவாசைதோறும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அவள் உபதேசம் எதுவும் செய்ததில்லை. அவரும் வருவதை நிறுத்தியதில்லை.

அன்று அமாவாசை இல்லை. உச்சி வெயிலில் வந்தார். கையில் ஒரு துணி மூட்டை.

"ஆத்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"சாமி கொடுக்காத அளவு. சரியாவும் இல்லாத அளவு. அதை வச்சுக்கிட்டு ஒருத்தனைத் தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?"

இருளாயி தையலிலிருந்து நிமிரவில்லை.

"தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல."

"குடிச்சுட்டுக் கேளுங்க."

அவர் சுனையில் இறங்கிக் குடித்துவிட்டு வந்தார். கேள்வி அப்படியேதான் இருந்தது.

சேவுகமூர்த்தி தன் ஊரின் நீர்பாய்ச்சி. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துப் பிரித்து விடுவது அவர் வேலை. மொத்தம் பத்தொன்பது வயல். கரையை ஒட்டிய வயல் முதலாவது. கடைமடை வயல் பத்தொன்பதாவது. ஒரு சுற்றில் ஒவ்வொரு வயலுக்கும் பத்து வட்டில் தண்ணீர்.

வட்டில் என்பது அடியில் சிறு துளையுள்ள செம்புக் கிண்ணம். அதைப் பானைத் தண்ணீரில் மிதக்க விடுவார். துளை வழியே தண்ணீர் ஏறும். கிண்ணம் மூழ்கினால் ஒரு வட்டில் முடிந்தது. எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்க விடுவார். பத்து முறை மூழ்கியதும் கையைத் தூக்குவார். வயல்காரர் தன் மடையை அடைத்துவிட வேண்டும்.

இருபத்தேழு வருஷமாக எல்லாரும் அடைத்தார்கள்.

ஏனென்றால் அது ஐயனார் கொடுத்த வட்டில். ஐயனார் குதிரையிலிருந்து இறங்கி, வாள் நுனியால் தானே துளை போட்டுக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். துளை கொஞ்சம் கோணலாக இருக்கும். வாளால் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர்கள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

"சந்தையிலே ஒரு பாத்திரக்காரன் இருக்கான் ஆத்தா. வட்டில் விளிம்பு நசுங்கிப்போச்சேன்னு தட்டிக்கொடுக்கச் சொல்லி அவன்கிட்டக் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தான். அடியிலே ஒரு முத்திரை. பார்த்ததும் சிரிக்கிறான்."

"ஏன்?"

"'இது எங்க பாட்டன் அடிச்சது. துளை கோணலாப் போனதுனால கழிச்சுப் போட்ட சாமான். இது உங்களுக்கு எங்க கிடைச்சது?'ன்னு கேக்குறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஐயனார் கொடுத்தார்னா சொல்ல முடியும்? பேசாம வாங்கிக்கிட்டு வந்துட்டேன்."

இருளாயி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, இருமலா என்று தெரியவில்லை.

"சிரிக்காதே ஆத்தா. பக்கத்துக் கடையிலே மங்களநாதன் ஐயாவோட ஆளு நின்னுக்கிட்டிருந்தான். எல்லாத்தையும் கேட்டுட்டான்."

மங்களநாதன் முதல் வயல்காரர். நிலமும் குரலும் பெரியவை.

"பதினோரு வயலுக்குப் பாய்ச்சியாச்சு. இன்னிக்கு விடியக்காலையிலே பன்னிரண்டாவது மடையைத் திறக்கப் போனேன். ஐயா வந்து மறிச்சுட்டாரு. 'பொய் வட்டில்ல அளந்தது எதுவும் செல்லாது. திரும்ப முதல் வயல்ல இருந்து ஆரம்பி'ங்கிறாரு. நாளைக்கு விடிஞ்சதும் பத்து ஆளு மண்வெட்டியோட வந்து அவரு மடையை வெட்டி விடுவாங்களாம்."

"கண்மாயிலே எவ்வளவு கிடக்கு?"

"எட்டு வயலுக்குக் கிடக்கு. அதுக்கு மேல ஒரு கை கிடையாது. கதிரு இப்பத்தான் பால் பிடிக்குது. இந்தத் தண்ணி கிடைக்கலன்னா எட்டு வயலும் பதராப் போயிடும்."

"உங்க வயல் எத்தனையாவது?"

"பத்தொன்பது." பிறகு, கேட்காமலே, "நீர்பாய்ச்சி வயல் கடைசியிலதான் இருக்கணும். அது வழக்கம்."

"அப்ப உங்களுக்கும் பதருதான்."

"ஆமா."

"அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்களா?"

சேவுகமூர்த்தி தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"கொஞ்சம் அதுக்காகவும்தான். மிச்சம் எதுக்குன்னுதான் தெரியல. அதைத்தான் கேக்க வந்தேன்."

இருளாயி முதல் முறையாக ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொரு சுற்று ஆரம்பிக்கும்போதும் ஐயனார் முன்னால நின்னு, 'குறைச்சு அளந்தா என் கண்ணு போகட்டும்'னு சத்தியம் பண்ணுவேன் ஆத்தா. அந்த பயத்திலதான் நான் அளந்தேன். அந்த பயத்திலதான் அவங்க அடைச்சாங்க. இப்ப அது வெறும் கழிச்சுப் போட்ட கிண்ணம். ஒரு நாழிகைக்குக்கூடச் சரியா இருக்காது. சாமியும் கொடுக்கல, அளவும் சரியில்ல. அப்புறம் நியாயம்னு ஒண்ணு எதுமேல நிக்கும்?"

"சாமி இருக்காரா இல்லையான்னு கேக்குறீங்களா?"

"இல்ல."

"நல்லவேளை. அது எனக்குத் தெரியாது. வட்டிலைக் கொடுங்க."

அவர் மூட்டையை அவிழ்த்து எடுத்தார். வழக்கப்படி கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை போனது. பாதியில் நின்றது. அப்படியே நீட்டினார்.

இருளாயி வட்டிலைப் பலகையில் கவிழ்த்தாள். தோலில் துளை போடும் குத்தூசியை எடுத்து அதன் அடியில் நிறுத்தினாள். சுத்தியலால் ஓர் அடி.

"ஆத்தா!"

ஊசி செம்பைத் துளைத்து வெளியே வந்தது. அவள் அதை உருவி, வட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இரண்டு துளை வழியாகவும் வெளிச்சம் வந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டே! என்ன காரியம் பண்ணிட்டே!"

"ஏன்? முன்னால சரியான அளவா இருந்துச்சா?"

"இல்ல."

"சாமி கொடுத்ததா?"

"இல்ல."

"அப்ப அதுவும் இதுவும் ஒண்ணுதான். நாளைக்கு இதை வச்சே அளங்க."

"அதெப்படி அளக்கிறது? பதினோரு பேருக்கு ஒரு ஓட்டையிலே அளந்தாச்சு. மிச்சம் எட்டுப் பேருக்கு ரெண்டு ஓட்டையிலே அளந்தா பாதித் தண்ணிதான் போகும். அது தப்பு."

"எது தப்பு?"

"அவங்களுக்கு ஒண்ணு, இவங்களுக்கு ஒண்ணு. அது தப்பு."

"யாரு சொன்னா?"

சேவுகமூர்த்தி வாயைத் திறந்தார்.

மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவன் ஒருவன் யாரையோ கூப்பிட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அவன் மறுபடியும் கூப்பிட்டான்.

சேவுகமூர்த்தி வாயை மூடிக்கொண்டார்.

இருளாயி தோலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தையலைத் தொடர்ந்தாள்.

"ஆத்தா."

"ம்."

"ஊரே ஒண்ணு கூடி, கடைமடைக்குத் தண்ணி வேண்டாம்னு சொல்லிட்டா? அங்க பதினோரு பேரு, இங்க எட்டுப் பேரு. அதிகம் பேரு சொன்னா அது நியாயம் ஆயிடுமா?"

"பதினோரு பேரையும் கேட்டுப் பாருங்க. யாராவது இந்த எட்டுப் பேருல ஒருத்தரோட வயலை மாத்திக்கிறாங்களான்னு."

"மாத்திக்க மாட்டாங்க. ஆனாலும் தண்ணியை எடுத்துக்குவாங்க."

"எடுக்கலாம்."

"அப்ப?"

"அப்ப நீங்க அங்க நிக்கணும்."

"எனக்கு முன்னால இருந்த நீர்பாய்ச்சி அப்படித்தான் நின்னாரு. அவருக்கு வலது கை கிடையாது ஆத்தா. மடையிலேயே வெட்டுனாங்க. அப்பவும் ஐயனார் வட்டில்தான் இருந்துச்சு."

"அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப சாமி வட்டிலும் கையைக் காப்பாத்தல."

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

"இதை வச்சு அளக்க முடியாது," என்றார் கடைசியில். "அடைச்சுக் கொடு."

தோல் தையலுக்கு வைத்திருந்த மெழுகை இருளாயி உருட்டினாள். தான் போட்ட துளையில் உள்ளும் புறமும் வைத்து அழுத்தினாள். ஒரு பானையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பழைய அளவுதானான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

சேவுகமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. "இருபத்தேழு வருஷமா அது மூழ்குற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாம, 'ஐயனாரே, ஐயனாரே'ன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். அறுநூத்தி எண்பத்துமூணு வரும். ஒண்ணு கூடாது, குறையாது."

"எண்ணுங்க."

அவர் வட்டிலை மிதக்க விட்டு எண்ணினார். அவள் தைத்தாள். ஐயனாரின் பெயர் பந்தலின் கீழ் ஓர் அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வட்டில் மெல்ல எடை கூடி, ஒரு பக்கம் சாய்ந்து மூழ்கியது.

"அறுநூத்தி எண்பது," என்றார் அவர். "மூணு குறையுது. மெழுகு எங்கேயோ கசியுது."

"மூணுதானே. விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் வட்டிலை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினார். துடைத்தார். மெழுகைத் தன் கட்டை விரலால் இன்னொரு முறை அழுத்தினார். மறுபடியும் மிதக்க விட்டார்.

"ஐயனாரே," என்று ஆரம்பித்தார்.

இரண்டாம் முறை அறுநூற்று எண்பத்துமூன்று வந்தது. அவர் வட்டிலைத் துணியில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஆத்தா, நாளைக்கு அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?"

"யாரும் என் பேச்சைக் கேக்க மாட்டாங்க."

"பொய் சொன்னா?"

"கேக்கலாம்."

இருளாயி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சீடர்கள் இதை மௌன உபதேசம் என்பார்கள். வாயில் நூல் இருந்ததும் ஒரு காரணம்.

மறுநாள் காலை கண்மாய்க் கரையில் ஊர் கூடியிருந்தது.

மங்களநாதன் சொன்னபடியே பத்து ஆட்களோடு வந்திருந்தார். பத்துத் தோளிலும் பத்து மண்வெட்டி. அவர் கையில் மஞ்சள் துணி சுற்றிய ஏதோ ஒன்று. எதிர்ப்பக்கம் மிச்ச எட்டு வயலின் கடைமடைக்காரர்கள். அவர்கள் கையிலும் மண்வெட்டிதான். ஆண், பெண் எல்லாரும் வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் உமையாள், பன்னிரண்டாவது வயல்காரி. தலைத்துணியை இடுப்பில் வரிந்து கட்டியிருந்தாள்.

"என்ன மாமா, விடியக்காலையிலே பத்துப் பேரோட? கல்யாண ஊர்வலமா?" என்றாள்.

"வாயை மூடு."

"வாயை மூடலாம். வயலு வாயைப் பொளந்து கிடக்கே."

சேவுகமூர்த்தி பெருமடையின் பலகை மேல் ஏறி நின்றார். கண்மாயிலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் அந்தப் பலகையைத் தூக்கினால்தான் வரும். பத்துப் பேரில் ஒருவன் ஏற்கெனவே பலகையில் கை வைத்திருந்தான். அவன் பெயர் சன்னாசி. நீர்பாய்ச்சியின் கால் தன் கைக்குப் பக்கத்தில் வந்ததும் கையை எடுக்கவா வேண்டாமா என்று எஜமானைப் பார்த்தான். எஜமான் கண் காட்டவில்லை. கை அங்கேயே இருந்தது.

"ஏப்பா சேவுகா," என்றார் மங்களநாதன். "ஊருக்குச் சொல்லு. அந்த வட்டில் யாரு கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலங்கய்யா. சந்தையிலே ஒரு பாத்திரக்காரரோட பாட்டன் அடிச்சது. கோணலாப் போச்சுன்னு கழிச்சுப் போட்டது."

கரையில் ஒரு சலசலப்பு.

"நேத்து அதுல இன்னொரு ஓட்டையும் விழுந்துபோச்சு. மெழுகு வச்சு அடைச்சிருக்கு. இதோ பாருங்க."

அவர் வட்டிலைத் தூக்கிக் காட்டினார். உமையாள் தலையில் கை வைத்தாள்.

"ஏன் சித்தப்பா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இதையெல்லாம் இன்னிக்கா சொல்லணும்? எட்டு வயலும் நனைஞ்ச பெறகு சொல்லக்கூடாதா?"

"கேட்டீங்களா!" மங்களநாதனின் குரல் அக்கரைக்குப் போய்த் திரும்பியது. "அவன் வாயாலேயே சொல்லிட்டான். சாமி வட்டில் இல்ல, பொய் வட்டில். சாமி இல்லாத இடத்திலே ஏது முறை? ஏது பன்னிரண்டாவது, பதிமூணாவது? இவன் வயலு கடைசியிலே கிடக்கு. அதுக்குத் தண்ணி கொண்டுபோகத்தான் இந்த நாடகம்!"

"என் வயலும்தாங்கய்யா," என்றார் சேவுகமூர்த்தி.

இந்தப் பதிலை மங்களநாதன் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் தடுமாறினார். பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு புது வட்டில். வெயிலில் பளபளத்தது. துளை நேராக இருந்தது.

"இது மெய் வட்டில். டவுன்ல சொல்லிச் செய்ய வச்சது. பெரிய கோயில்லே சந்நிதியிலே வச்சு, பூசை போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். இது சாமி அளவு. பக்கத்திலே வச்சு மிதக்க விடு. உன் லட்சணம் தெரியட்டும்."

பலகை ஓரத்தில் பானையை வைத்து இரண்டையும் அதில் விட்டார்கள்.

ஊர் மொத்தமும் ஒரு பானையைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் உட்காரவில்லை. மண்வெட்டிகளும் தோளைவிட்டு இறங்கவில்லை. பழைய வட்டில் சாய்ந்து மூழ்கியது. புதியது பாதிதான் நிறைந்திருந்தது. சேவுகமூர்த்தி பழையதை எடுத்து மறுபடியும் விட்டார். அது இரண்டாம் முறை மூழ்கியபோதுதான் புதியதும் கூடவே மூழ்கியது.

"பார்த்தீங்களா?" என்றார் மங்களநாதன். "ரெண்டு மடங்கு! எனக்குப் பத்து வட்டில்னு சொல்லி அஞ்சுதான் கொடுத்திருக்கான். மீதி அஞ்சை இப்பவே விடு. சன்னாசி, பலகையைத் தூக்கு."

சன்னாசி பலகையை அசைத்தான். அதன் மேல் நின்ற சேவுகமூர்த்தி ஆடினார். கடைமடைக்காரர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். பத்து மண்வெட்டிகள் தோளிலிருந்து கைக்கு வந்தன. கரையில் யாரோ ஒரு பெண் தன் பிள்ளையைப் பெயர் சொல்லி வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

சேவுகமூர்த்தி வலது கையைத் தூக்கினார்.

மடையை அடைக்கச் சொல்லும்போது தூக்கும் அதே கை. இருபத்தேழு வருஷப் பழக்கத்தில் சன்னாசி பலகையை விட்டுவிட்டான்.

"சரிங்கய்யா," என்றார் சேவுகமூர்த்தி. "இதுதான் மெய் வட்டில். நான் ஒத்துக்கிறேன்."

"சித்தப்பா!" என்று கத்தினாள் உமையாள்.

"இனிமே இதுலயே அளக்கிறேன். முறை யாருக்கு? பன்னிரண்டாவது வயலுக்கு. உமையா, போய் உன் மடையைத் திற. உனக்குப் பத்து வட்டில்."

அவர் பழைய வட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் புதியதைக் கையில் எடுத்தார்.

உமையாள் நகரவில்லை. அவள் விரல்கள் மட்டும் அசைந்தன. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்ததும் முகம் மாறியது. "இதோ போறேன் சித்தப்பா," என்று கிளம்பினாள்.

மங்களநாதனும் கணக்குப் போட்டார். அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் முடிந்தது.

"நில்லு! நில்லு! எந்த வட்டில்ல பத்து?"

"மெய் வட்டில்லதாங்கய்யா."

"எனக்கு அதுல பத்து. இவளுக்கு இதுல பத்தா?"

"ஆமாங்கய்யா."

"அதெப்படி? என்னைவிட ஒரு மடங்கு அதிகமா? ஒரே கண்மாய், ஒரே சுற்று. எனக்கு ஒரு அளவு, அவளுக்கு ஒரு அளவா? என்னய்யா இது அநியாயமா இருக்கு!"

கண்மாய் நடுவில் ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தது. மங்களநாதன் சுற்றிலும் பார்த்தார். ஊர் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய ஆட்களும்தான்.

சன்னாசிக்கு எதுவும் மெதுவாகத்தான் விளங்கும். விளங்கியதை உடனே சொல்லியும் விடுவான்.

"அதைத்தானே ஐயா அவங்களும் சொல்றாங்க," என்றான்.

"உன்னை யாருடா கேட்டா?"

"யாரும் கேக்கலங்கய்யா."

"முதல்ல என் மீதியை விடட்டும். அப்புறம் அவளுக்கு எந்த வட்டில்ல வேணும்னாலும் அளக்கட்டும். பலகையைத் தூக்கு!"

சன்னாசி பலகையைப் பார்த்தான். அதன் மேல் இரண்டு வயதான பாதங்கள். அவன் தன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, அதன் காம்பில் இரு கைகளையும் வைத்து, அவற்றின் மேல் தாடையை வைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் மண்வெட்டியைக் கீழே இறக்கினான். மூன்றாமவன் ஏற்கெனவே இறக்கியிருந்தான்.

சேவுகமூர்த்தி கீழே வைத்த பழைய வட்டிலையும் எடுத்து, ஒரு கையில் பழையதும் ஒரு கையில் புதியதுமாகக் குனிந்து கேட்டார்.

"எதுல அளக்கட்டுங்கய்யா? நீங்களே சொல்லுங்க. எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

மங்களநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றின் துளை நேராக இருந்தது. மற்றொன்றில் ஒரு துளை கோணலாகவும் இன்னொன்று மெழுகு அடைத்தும் இருந்தது.

"பழசுலயே அள," என்றார்.

புது வட்டிலை நீர்பாய்ச்சியின் கையிலிருந்து பிடுங்கி மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சேவுகமூர்த்தி பலகையிலிருந்து இறங்கினார். சன்னாசிதான் கையைப் பிடித்து இறக்கி விட்டான். பிறகு அவனே பலகையையும் தூக்கினான். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. முதல் வயலைத் தாண்டி, மற்ற பத்து வயலையும் தாண்டி, பன்னிரண்டாவது வயலுக்குள் உமையாள் திறந்து வைத்திருந்த மடை வழியே இறங்கியது.

சேவுகமூர்த்தி பழைய வட்டிலைப் பானையில் மிதக்க விட்டார்.

அன்று மதியம் மங்களநாதன் வீட்டில் அந்தப் பத்து ஆட்களுக்கும் வடித்த சோறு அப்படியே இருந்தது. சாயங்காலம் அதை மாட்டுக்கு வைத்தார்கள்.